விடுமுறை முடிந்த மறுநாள் மட்டும் நெஞ்சு இறுகுவது ஏன்?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 53. திண்டுக்கல் பக்கம் ஒரு நூற்பாலையில் 26 ஆண்டுகள் வேலை பார்த்தார்; பெரும்பகுதி பஞ்சைச் சீவுகிற கார்டிங் பிரிவில். ஷிப்டு முடிந்து வரும்போது அவர் புருவத்திலும் காது மடலிலும் வெள்ளையாகப் பஞ்சு படிந்திருக்கும். மேல்மூச்சு வாங்கியதால் 14 மாதங்களுக்கு முன் கணக்கு முடித்துக்கொண்டு மன்னார்குடி அருகே எங்கள் ஊருக்கே வந்துவிட்டார். இப்போது சீசன் நேரத்தில் நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறார். வாய்க்கால் கரை மேட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறினால் பாதியில் நின்றுவிடுகிறார். ஐந்து ஆண்டுகளுக்கு முன் காசநோய் என்று ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள், இருமல் நிற்கவில்லை. இதுவரை நான்கு எக்ஸ்ரே எடுத்தாயிற்று. ‘பெரிதாக ஒன்றுமில்லை, வீசிங்தான், பீடியை விடுங்கள்’ என்கிறார்கள். 24 வயதான என் தம்பி அதே ஆலையில் நான்கு ஆண்டுகளாகப் பஞ்சைப் பிரித்துக் குப்பை நீக்குகிற புளோ ரூமில் இருக்கிறான். வீட்டில் மாதச் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் அவன்தான். வியாழக்கிழமை அவனுக்கு வார விடுமுறை. வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் நெஞ்சு இறுகுவதாகவும், மறுநாள் சரியாகிவிடுவதாகவும் சொல்கிறான். அப்பாவுக்கு வந்தது பஞ்சுத் தூசியாலா? குணமாகுமா? தம்பி வேலையை விட்டுவிட வேண்டுமா? நஷ்ட ஈடு கேட்க வழி உண்டா? திருபுவனத்தில் எங்கள் உறவினர்கள் தலைமுறையாகப் பட்டுத் தறி போடுகிறார்கள், அவர்களுக்கு இப்படி வரவில்லையே? கோடைப் பருத்தியை வீட்டுக்குள் குவித்து வைக்கிறோம், அதுவும் ஆபத்தா என்று அம்மா கேட்கச் சொன்னார்.
– ஒரு வாசகி, திருவாரூர் மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தில் அப்பாவைப் பற்றி நிறைய எழுதிவிட்டுத் தம்பியைப் பற்றிச் சில வரிகளே எழுதியிருக்கிறீர்கள். நோயின் அடையாளம் அந்தச் சில வரிகளில்தான் இருக்கிறது. ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன். கடிதத்தைப் படித்து நோயை உறுதிசெய்ய எந்த மருத்துவராலும் இயலாது. ஆனால் விடுமுறைக்கு அடுத்த முதல் வேலை நாளில் மட்டும், அதுவும் ஆலைக்குள் போய்ச் சில மணி நேரம் கழித்து, நெஞ்சைக் கட்டிப் பிடித்தாற்போல இறுகி, அடுத்த நாள்களில் தணிந்துபோகிற தொல்லையைப் பஞ்சாலைத் தொழிலாளி ஒருவர் சொன்னால், மருத்துவர் முதலில் நினைக்க வேண்டியது பிஸினோசிஸ் எனப்படும் பருத்தித் தூசி நோயைத்தான். வேலையிடத்தால் வருகிற ஆஸ்துமா பெரும்பாலும் வாரம் போகப்போக மோசமாகி, விடுமுறையில் தணியும். இந்த நோயோ வாரத்தின் முதல் நாளில் கடுமையாக வந்து, தொடர்ந்து வேலை செய்யச் செய்யக் குறைகிறது. தூசியில் ஓரிரு நாள் நின்றதும் உடல் அதற்குத் தற்காலிகமாகப் பழகிக்கொள்கிறது. விடுமுறை வந்ததும் அந்தப் பழக்கம் கலைந்துவிடுகிறது. ‘வேலைக்குப் போனால் சரியாகிவிடுகிறது’ என்று தொழிலாளர்கள் தவறாக ஆறுதல் கொள்வதும் இதனால்தான்.

மருத்துவ நூல்கள் இதைத் திங்கட்கிழமை நோய் என்றே விவரிக்கின்றன. அவை எழுதப்பட்ட நாடுகளில் ஆலைகள் ஞாயிற்றுக்கிழமை மூடியிருந்தன. நம் நூற்பாலைகள் மூன்று ஷிப்டாக ஓயாமல் ஓடுகின்றன. வார விடுமுறை ஆளுக்கொரு நாள். உங்கள் தம்பியின் திங்கட்கிழமை வெள்ளிக்கிழமையில் வருகிறது. நூலில் உள்ளபடி ‘திங்கட்கிழமை எப்படி இருக்கிறது’ என்று கேட்கிற மருத்துவரிடம் அவர் ‘நன்றாக இருக்கிறேன்’ என்றுதான் சொல்வார். நோய் கண்ணில் படாமல் தப்பிவிடும். பொங்கலுக்கு ஊருக்கு வந்து ஒரு வாரம் தங்கிவிட்டுத் திரும்பிய முதல் ஷிப்டில் எப்படி இருந்தது என்று அவரிடம் கேளுங்கள். பஞ்சுத் தூசிதான் காரணம் என்றால் அன்றைக்கு வழக்கத்தைவிடக் கடுமையாக இருந்திருக்கும். வேலையில் சேர்ந்த புதிதில் மாலையில் குளிர்க்காய்ச்சலும் உடல்வலியும் வந்து சில நாள்களில் தானாகவே போனதுண்டா என்றும் கேளுங்கள். ஆலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அப்படி ஒரு காய்ச்சல் வருவதுண்டு. ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று அதைத் தள்ளிவிடுவார்கள். அது மட்டுமே பிஸினோசிஸ் ஆகிவிடாது என்றாலும், அங்குள்ள தூசியின் தன்மையை அது சொல்லிவிடும்.

1950-களில் இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைகளில் ஆய்வு செய்த மருத்துவர் ரிச்சர்ட் ஷில்லிங் இந்த நோயைப் படிகளாகப் பிரித்தார். அந்தப் பகுப்பு இன்றும் பயன்படுகிறது. வாரத்தின் முதல் நாளில் எப்போதாவது இறுக்கம் வந்தால் அரைப்படி. ஒவ்வொரு வாரமும் முதல் நாளில் வந்தால் முதல் படி. மற்ற நாள்களுக்கும் பரவினால் இரண்டாம் படி. அதற்கும் மேலே நுரையீரலின் திறனே நிரந்தரமாகக் குறைந்துவிட்டால் மூன்றாம் படி. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் தம்பி முதல் படியில் இருக்கிறார். அப்பா மூன்றாம் படியை எட்டிவிட்டார் என்றே அஞ்சுகிறேன். அவரிடம் இப்போதைய மூச்சைப் பற்றி மட்டும் கேட்காமல், இருபது ஆண்டுகளுக்கு முன் விடுமுறை முடிந்து போன நாள்களில் எப்படி இருந்தது என்றும் கேளுங்கள். ‘ஆமாம், அப்போதெல்லாம் முதல் நாள் மட்டும் அடைக்கும், பிறகு எல்லா நாளும் அடைக்க ஆரம்பித்தது’ என்று அவர் சொன்னால், அந்த ஒரு வாக்கியம் நான்கு எக்ஸ்ரேயைவிட மதிப்புள்ளது. அதை அவர் சொன்னபடியே, ஏறத்தாழ எந்த ஆண்டு என்ற குறிப்புடன் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்ரேயில் ஏன் ஒன்றும் தெரியவில்லை என்பது இந்தத் தூசி செய்கிற வேலையைப் பொறுத்தது. பேல் எனப்படும் பஞ்சுப் பொதியை உடைத்துப் பஞ்சைப் பிரித்து அடித்துக் குப்பை நீக்குகிற இடம் புளோ ரூம். அடுத்து அதைக் கம்பிப் பற்களால் சீவி நார் நாராக்குகிற இடம் கார்டிங். ஆலையிலேயே தூசி மிகுந்த பிரிவுகள் இவை இரண்டும். டிராயிங், சிம்ப்ளக்ஸ், ஸ்பின்னிங், கோன் வைண்டிங் என்று அடுத்தடுத்த பிரிவுகளுக்குப் போகப்போகத் தூசி குறையும், நீங்குவதில்லை. கழிவுப் பஞ்சை மறுபடி நூலாக்குகிற ஆலைகளில் நிலைமை இன்னும் மோசம். அந்தத் தூசியில் பஞ்சு நார் மட்டும் இருப்பதில்லை. பருத்திக் காயை அணைத்திருக்கும் சிற்றிலைகளின் காய்ந்த துணுக்குகள், மண், பூஞ்சை, செடியில் வாழும் பாக்டீரியாக்களின் மேலுறையிலிருந்து வருகிற எண்டோடாக்சின் என்ற நச்சு ஆகியவை எல்லாம் கலந்திருக்கின்றன. பஞ்சு உள்ளே போய் நுரையீரலை அடைத்துக்கொள்ளும் என்று பலர் நினைப்பது சரியல்ல. பஞ்சோடு சேர்ந்து போகிற நச்சு மூச்சுக் குழாய்களை எரிச்சலூட்டிச் சுருங்கவைப்பதுதான் நடக்கிறது. கல் உடைப்பவர்களுக்கு வருகிற சிலிகோசிஸ் நோயில் தூசி நுரையீரலில் தங்கித் தழும்பாகும். அது எக்ஸ்ரேயில் தெரியும். பிஸினோசிஸில் கெடுவது குழாய்களின் விரிவும் சுருக்கமும். பெரும்பாலும் படம் சுத்தமாகவே இருக்கும்.

ஷிப்டு முடிந்து வரும்போது அப்பாவின் புருவத்திலும் காது மடலிலும் வெள்ளையாகப் பஞ்சு படிந்திருக்கும் என்று எழுதியிருந்தீர்கள். கண்ணுக்குத் தெரிகிற அந்தப் பஞ்சில் பெரும்பகுதி மூக்கிலும் தொண்டையிலுமே நின்றுவிடும். கெடுதல் செய்வது கண்ணுக்குத் தெரியாத நுண்தூசி. அதிலும் 15 மைக்ரானுக்கு உட்பட்ட துகள்களைத்தான் தூசியளவு பார்க்கும் கருவிகள் கணக்கில் எடுக்கின்றன. மில்லிமீட்டரை ஆயிரமாகப் பங்கிட்டால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். மூக்கைச் சுற்றிக் கட்டுகிற துண்டு முதல் வகையைத் தடுக்கும். இரண்டாம் வகை அதன் இழை இடுக்குகள் வழியே போய்விடும்.

திருபுவனத்து உறவினர்களைப் பற்றிய உங்கள் ஐயம் கூர்மையானது. சீனாவின் ஷாங்காய் நகரில் 1981-இல் தொடங்கிப் பல பத்தாண்டுகள் நீண்ட ஓர் ஆய்வில் பருத்தி ஆலைத் தொழிலாளர்களோடு ஒப்பிட்டுப் பார்க்க எடுத்துக்கொள்ளப்பட்டவர்கள் பட்டு ஆலைத் தொழிலாளர்கள்தான். பட்டு நூலில் பருத்தித் தூசியின் அந்த நச்சு இல்லை என்பதே காரணம். பருத்தியில் வேலை செய்தவர்களின் நுரையீரல் திறன் ஆண்டுக்கு ஆண்டு கூடுதலாகக் குறைந்ததையும், தூசியை விட்டு விலகியபின் அந்தச் சரிவு மட்டுப்பட்டு ஓரளவு மீட்சியும் கிடைத்ததையும் அந்த ஆய்வு காட்டியது. பட்டுத் தறிக்காரர்களுக்கு முதுகுவலியும் முழங்கால் வலியும் கண் அயர்வும் உண்டு; இந்த நோய் அவர்கள் தொழிலுக்கு உரியதல்ல.

இனி அப்பாவுக்குச் செய்ய வேண்டியவை. நான்கு எக்ஸ்ரே எடுத்த இடங்களில் ஒன்றில்கூட ஸ்பைரோமெட்ரி என்கிற ஊதும் பரிசோதனை செய்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை. இந்த நோயைப் பற்றி எதையாவது உறுதியாகச் சொல்ல வேண்டுமானால் அதுதான் அடிப்படை. மூச்சை நன்றாக இழுத்து, குழாயில் வாயைப் பொருத்தி, ஒரே வீச்சில் பலமாகவும் முடியும் வரையிலும் ஊத வேண்டும். முதல் ஒரு நொடியில் எவ்வளவு காற்று வெளியேறியது, மொத்தம் எவ்வளவு வெளியேறியது என்பதைக் கருவி காட்டும். பிறகு குழாயை விரிக்கும் மருந்தை உள்ளிழுக்கச் செய்து, சற்று நேரம் கழித்து மறுபடி ஊதச் சொல்வார்கள். மருந்துக்குப் பின்னும் மொத்தக் காற்றில் 70 சதவீதத்துக்கும் குறைவாகவே முதல் நொடியில் வெளிவந்தால், குழாய்களில் நிலையான அடைப்பு இருக்கிறது என்று பொருள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகியவற்றின் நெஞ்சக நோய்ப் பிரிவை அணுகுங்கள். பரிசோதனைத் தாளின் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அது பின்னால் வேறொரு காரியத்துக்கும் தேவைப்படும்.

அங்கே போகும்போது ஒன்றை வற்புறுத்திச் சொல்ல வேண்டும். புறநோயாளிச் சீட்டில் தொழில் என்ற இடத்தில் ‘கூலி’ என்று எழுதிவிடுகிறார்கள். இப்போது அவர் மூட்டை தூக்குகிறார், ஆகவே அது பொய்யுமல்ல. ஆனால் அந்த ஒரு சொல்லில் 26 ஆண்டுக் கார்டிங் வேலை மறைந்துபோகிறது. கூட்டம் மிகுந்த காலை நேரத்தில் அதைத் தோண்டி எடுத்துக் கேட்க எங்கள் துறையினருக்குப் பொறுமை இருப்பதில்லை. ‘நூற்பாலை, கார்டிங், 26 ஆண்டு’ என்று நீங்களே ஒரு தாளில் எழுதி, சீட்டோடு இணைத்துக் கொடுங்கள்.

காசநோயைப் பற்றி. இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிற எவருக்கும் சளிப் பரிசோதனை செய்வது சரி. ஐந்து ஆண்டுகளுக்கு முன் அவருக்குச் சளியில் கிருமி கண்டபின் மருந்து கொடுத்தார்களா, எக்ஸ்ரேயையும் இருமலையும் மட்டும் பார்த்துக் கொடுத்தார்களா என்பதைப் பழைய சீட்டுகளில் தேடிப் பாருங்கள். கிருமி இருந்திருந்தால் அந்த நோய் விட்டுச்சென்ற தழும்பும் இன்றைய மூச்சிரைப்புக்கு ஒரு பங்கு காரணமாக இருக்கலாம். எல்லாப் பழியையும் பஞ்சின் மீது போடுவது நேர்மையாகாது. இப்போது மீண்டும் சளி வந்தால், காசநோய்க் கிருமியைக் கண்டறிகிற சிபிநாட் பரிசோதனைக்குக் கொடுங்கள். அரசு மருத்துவமனைகளில் இலவசமாகச் செய்கிறார்கள். அது இல்லாமல் இன்னொரு முறை காசநோய் மாத்திரை தொடங்க ஒப்புக்கொள்ளாதீர்கள்.

நம் பகுதிக்கென்றே ஒன்றைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. யானைக்கால் நோய் நெடுங்காலம் இருந்துவந்த மண் இது. அதே ஃபைலேரியா புழுவுக்கு எதிராக உடல் காட்டுகிற மிகை எதிர்ப்பால், கால் வீங்காமலேயே, இரவில் விடாத இருமலும் இழுப்பும் சிலருக்கு வருவதுண்டு. இரத்தத்தில் ஈசினோஃபில் அணுக்கள் ஒரு மைக்ரோ லிட்டருக்கு 3000-க்கு மேல் போயிருந்தால் அதைச் சந்தேகிக்கலாம். டைஎத்தில் கார்பமசின் மாத்திரையை மூன்று வாரம் கொடுத்தால் பெரும்பாலோருக்கு அடங்கிவிடுகிற நோயைப் பல ஆண்டு ஆஸ்துமா என்று சுமப்பவர்கள் உண்டு. ஆகவே அப்பாவுக்கு இரத்த அணு எண்ணிக்கையும், மூச்சிரைப்புக்கு இதயம் காரணமல்ல என்று உறுதிசெய்ய ஈசிஜியும் எடுத்துவிடுங்கள். இவை பெரிய செலவில்லை.

பீடியைப் பற்றி மருத்துவர்கள் சொன்னது தவறில்லை, பாதிதான் சொல்லியிருக்கிறார்கள். புகையும் பஞ்சுத் தூசியும் ஒரே குழாய்களைத்தான் கெடுக்கின்றன. இரண்டும் சேர்ந்தவருக்கு இழப்பு கூடுதல். அவர் இன்றே பீடியை விட வேண்டும், அதில் இரண்டாவது பேச்சில்லை. ஆனால் விடுமுறைக்கு மறுநாள் மட்டும் நெஞ்சு இறுகுகிற வழக்கத்தைப் பீடி உண்டாக்குவதில்லை, ஏனெனில் பீடிக்கு வார விடுமுறை கிடையாது. ‘எல்லாம் உன் பீடியால்தான்’ என்று வீட்டில் ஏசாதீர்கள். அந்தக் குற்ற உணர்வால்தான் பலர் ஆலையைப் பற்றி வாயே திறப்பதில்லை.

குணமாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிலையாகக் குறைந்துவிட்ட திறனை முழுவதும் மீட்டுத் தருகிற மருந்து இல்லை. மேற்கொண்டு குறையாமல் காக்கவும், மூச்சிரைப்பைத் தணித்து நடமாட்டத்தை மீட்கவும் முடியும். அது சிறிய காரியமல்ல. ஆஸ்துமாவுக்கும் நீண்டகால மூச்சுக்குழாய் அடைப்பு நோய்க்கும் தருகிற இன்ஹேலர் மருந்துகளே இதற்கும் பயன்படுகின்றன. இன்ஹேலர் பழக்கமாகிவிடும், கடைசியில்தான் எடுக்க வேண்டும் என்று ஊரில் சொல்வதை நம்பாதீர்கள். மாத்திரையாகவோ ஊசியாகவோ உடல் முழுவதும் போகிற மருந்தைவிடச் சிறிதளவு மருந்து நேரே குழாய்க்குப் போவதே நல்லது. ஸ்பேசர் என்ற குடுவையைப் பொருத்தி எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கையும் மூச்சும் ஒத்துப்போகாதவர்களுக்கு மருந்தில் பெரும்பகுதி தொண்டையிலேயே தங்கிவிடும். இன்ஃபுளுயன்சா, நிமோகாக்கல் தடுப்பூசிகளைப் பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள்.

நான் மருந்தைவிடக் கூடுதலாகக் கவலைப்படுவது கொள்முதல் நிலையத்தைப் பற்றி. ஆலையை விட்டு வந்ததால் தூசியை விட்டு வந்துவிட்டதாக நீங்கள் நினைக்கிறீர்கள். தூற்றும் இயந்திரத்தின் வாயில் நெல்லைக் கொட்டும்போது எழுகிற புழுதியும் பதரும் எத்தகையவை என்பது உங்களுக்கே தெரியும்; நெல் தூசியிலும் அதே எண்டோடாக்சின் இருக்கிறது. பருத்தியால் சுருங்கிய குழாய் நெல்லால் இன்னும் சுருங்கும். அதோடு 40 கிலோ சிப்பத்தைத் தோளில் ஏற்றுகிற வேலை, அடைப்புள்ள நுரையீரலுக்கு ஏற்றதே அல்ல. அரிசி ஆலை வேலையும் அவருக்கு ஆகாது; கரும்புச் சக்கை குவிந்து கிடக்கும் இடமும் ஆகாது. குறுவைக் கொள்முதல் தொடங்குவதற்குள் அவருக்கு வேறு வேலை பார்த்தாக வேண்டும். எடை போடுகிற இடத்தில் கணக்கெழுதுவதோ, நிலையத்தில் இரவுக் காவலோ கிடைத்தாலும், இயந்திரம் ஓடும் நேரத்தில் காற்று வரும் திசைக்கு எதிர்ப்புறம் போகாமல், காற்று வரும் பக்கமே அவர் இருக்க வேண்டும்.

வீட்டில் வைக்கிற கோடைப் பருத்தியைப் பற்றி அம்மா அதிகம் அஞ்ச வேண்டாம். கொட்டையோடு இருக்கிற பருத்தி, இயந்திரத்தில் பிரித்துச் சீவப்படுகிற பஞ்சைப் போல நுண்தூசியை வெளிவிடுவதில்லை. ஆனால் கடைசிப் பறிப்பில் காய்ந்த இலைச் சருகு நிறைய ஒட்டிவரும். அதைச் சாக்கில் மிதித்து அமுக்குகிற வேலையை வாசலில், காற்றோட்டத்தில் செய்யுங்கள். குவித்து வைத்த அறையில் அப்பா படுக்க வேண்டாம்.

இப்போது தம்பி. வேலையை விட்டுவிடச் சொல்லுங்கள் என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். தூசியிலிருந்து விலகுவதுதான் இந்த நோய்க்கு உண்மையான மருத்துவம் என்பதால் அது தவறான அறிவுரையும் ஆகாது. வீட்டில் மாதச் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் அவர்தான் என்று நீங்கள் எழுதியிருக்கும்போது, அடுத்து என்ன செய்வது என்று சொல்லாமல் அப்படி எழுத எனக்கு மனம் வரவில்லை. முதல் படியில் உள்ளவருக்கு நுரையீரல் திறன் பெரும்பாலும் இன்னும் நிலையாகக் குறைந்திருக்காது. நல்ல வாய்ப்பு அவருக்குக் கையில் இருக்கிறது. வேலையை விடுவதை எத்தனை நாள் தள்ளிப்போடலாம் என்பதை ஊகத்தால் முடிவுசெய்யாமல் அளந்து முடிவுசெய்யலாம்.

அதற்கு மருந்துக் கடைகளில் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிற பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சிறு குழாய் போதும். காலையில் எழுந்ததும், ஷிப்டு தொடங்கும் முன், ஷிப்டின் நடுவில், முடிந்ததும், படுக்கும் முன் என்று ஒவ்வொரு முறையும் மூன்று தடவை ஊதி, மூன்றில் அதிகமான எண்ணைத் தேதி, நேரத்தோடு எழுதிவர வேண்டும். விடுமுறை நாளிலும் எழுத வேண்டும்; விடுமுறை நாள் இல்லாத அட்டையால் பயனில்லை. நான்கு வாரம் எழுதினால் வியாழனுக்கும் வெள்ளிக்கும் உள்ள வேறுபாடு எண்ணாகவே தெரிந்துவிடும். அதோடு ஒரு வெள்ளிக்கிழமை வேலைக்கு முன்னும், ஆறு மணி நேர வேலைக்குப் பின்னும் ஸ்பைரோமெட்ரி செய்ய இயன்றால் மிகவும் நல்லது. முதல் நொடிக் காற்று 5 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தால் அது கவனத்தில் கொள்ள வேண்டிய குறைவு.

அந்தத் தாள்களோடு புளோ ரூமிலிருந்து கோன் வைண்டிங்குக்கோ பேக்கிங்குக்கோ மாற்றித் தரும்படி மருத்துவர் கடிதத்துடன் எழுத்தில் விண்ணப்பிக்கட்டும். வாய்மொழியாகக் கேட்பதில் பயனில்லை. மாற்றம் கிடைக்கும் வரை துண்டுக்குப் பதில் முகத்தோடு இறுகப் பொருந்துகிற என்95 வகை முகமூடியை அவர் அணிய வேண்டும். ஆயினும் வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த ஆலைக்குள் எட்டு மணி நேரமும் அதை அணிந்திருப்பது எவ்வளவு கடினம் என்பதை அறிந்தவர்கள் முகமூடியை மட்டும் நம்பமாட்டார்கள். தூசியைப் பிறக்கும் இடத்திலேயே உறிஞ்சி இழுக்கிற அமைப்பைப் பழுதின்றி ஓட்டுவதும், அழுத்தக் காற்றை அடித்து இயந்திரத்தைச் சுத்தம் செய்வதை விட்டு உறிஞ்சிச் சுத்தம் செய்வதும் நிர்வாகம் செய்ய வேண்டியவை. காற்றடித்துத் துடைக்கிற அந்தப் பதினைந்து நிமிடத்தில்தான் தரையிலும் உத்தரத்திலும் படிந்த நுண்தூசி எல்லாம் மறுபடி மூச்சுக்கு வருகிறது. அந்நேரத்தில் தம்பி வெளியே நிற்கட்டும். கச்சாப் பருத்தித் தூசிக்குத் தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை விதித்த வரம்பு ஒரு கன மீட்டர் காற்றில் 0.2 மில்லிகிராம். அமெரிக்கா நூற்புப் பிரிவுகளுக்கு 1978-இல் விதித்ததும் இதே அளவுதான். அங்கே ஆலை நிறுவனங்கள் எதிர்த்து வழக்காடி, 1981-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றன. ஆகவே இது எட்ட முடியாத கனவு அளவு அல்ல.

பிரிவு மாறிய பின்னும் வெள்ளிக்கிழமை இறுக்கம் நீடித்தாலோ, ஆறு மாதம் கழித்து எடுக்கிற ஸ்பைரோமெட்ரியில் அளவு தெளிவாகக் குறைந்திருந்தாலோ, அவர் பஞ்சுத் தொழிலை விட்டே விலக வேண்டும். அப்போது தயங்கக் கூடாது. இறுக்கம் வெள்ளியைத் தாண்டிச் சனிக்கும் ஞாயிறுக்கும் பரவிவிட்டால் ஆறு மாதம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

நஷ்ட ஈட்டுக்கு வழி உண்டு. ஆனால் காலக்கெடு உண்டு என்பதால் அப்பா விஷயத்தில் விரைந்து செயல்பட வேண்டும். பருத்தித் தூசியால் வரும் மூச்சுக்குழாய் நோய், 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலும் 1948-ஆம் ஆண்டின் இஎஸ்ஐ எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்திலும் தொழில்சார் நோயாக அட்டவணையில் சேர்க்கப்பட்டது. அதாவது இயந்திரத்தில் கை போனால் எப்படி வேலையில் ஏற்பட்ட காயமோ, சட்டத்தின் பார்வையில் இதுவும் அப்படியே. அப்பாவுக்குச் சம்பளத்தில் இஎஸ்ஐ பிடித்திருந்தால் அவருடைய காப்பீட்டு எண்ணோடு இஎஸ்ஐ மருந்தகத்தில் முறையிட வேண்டும். தொழில்சார் நோய்க்கென்று உள்ள மருத்துவ வாரியம் பரிசோதித்து, உழைக்கும் திறன் எத்தனை சதவீதம் குறைந்தது என்று முடிவுசெய்யும். இஎஸ்ஐ பாதுகாப்பு இல்லாதிருந்தால் தொழிலாளர் துறையில் இழப்பீட்டு ஆணையராகச் செயல்படும் அதிகாரியிடம் மனுச் செய்ய வேண்டும். அதற்கு ஆலை இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. தொழிலாளி வசிக்கும் பகுதிக்குரிய அலுவலகத்திலேயே கொடுக்கலாம். மனுவுக்கான காலம் பொதுவாக இரண்டு ஆண்டுகள். அவர் வேலையை விட்டு 14 மாதம் ஆகிவிட்டது என்பதைக் கணக்கில் வையுங்கள். தக்க காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் உண்டென்றாலும், அதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இந்தப் பழைய சட்டங்களின் இடத்துக்கு வந்துள்ளதால், மனுவில் எந்தப் பிரிவைக் குறிப்பிடுவது என்பதைச் சட்டம் அறிந்தவரே எழுதட்டும். அதற்குப் பணம் வேண்டும் என்று அஞ்ச வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி, தொழிற்சாலைத் தொழிலாளி என்ற வகையில் வருமான வரம்பு பாராமலே இலவசச் சட்ட உதவிக்கு உரிமை உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள்.

மருத்துவருக்கும் ஒரு கடமை உண்டு. அதைப் பலர் செய்வதில்லை. பிஸினோசிஸ் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய். தொழிற்சாலைகள் சட்டத்தின் 89-ஆம் பிரிவு, இந்நோயாளியைப் பார்க்கும் மருத்துவரே தலைமை ஆய்வாளருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று விதித்தது. 2020-ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்பும் அந்தக் கடமையை மருத்துவர்மீதே வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் அது தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்குப் போக வேண்டும். நோய் உறுதியானதும், ‘அறிக்கை அனுப்பினீர்களா ஐயா, நகல் கிடைக்குமா’ என்று மரியாதையாகவே கேளுங்கள். மருந்துச் சீட்டில் ‘வீசிங்’ என்று மட்டும் எழுதாமல், நோயின் பெயரையும், எந்தப் பிரிவில் எத்தனை ஆண்டு வேலை என்பதையும் சேர்த்து எழுதித் தரும்படி கேளுங்கள். அப்பாவின் வேலைக்காலத்தை நிறுவ, பிஎஃப் கணக்கு விவரம், பழைய சம்பளச் சீட்டு, ஆலை அடையாள அட்டை, கணக்கு முடித்த தாள் ஆகியவற்றில் கிடைப்பதைச் சேர்த்து வையுங்கள். எதுவும் கிடைக்காவிட்டால் உடன் வேலை பார்த்தவர்கள் இருவரின் வாக்குமூலம் உதவும். அதற்குத் தம்பி அங்கே வேலையில் இருக்கும்போதே ஏற்பாடு செய்வது எளிது.

தம்பியின் பெயரில் இப்போது இழப்பீடு கேட்க எதுவுமில்லை. அவருடைய பீக் ஃப்ளோ அட்டையையும், பிரிவு மாற்றம் கேட்ட விண்ணப்பத்தின் நகலையும் ஊரில் உங்களிடம் ஒரு பிரதி இருக்குமாறு அனுப்பச் சொல்லுங்கள். ஆலை விடுதியில் அவை தொலைந்துபோக வாய்ப்பு அதிகம்.